பாத்து வரையறது தப்புன்னு யாருங்க சொன்னது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்புல ஜப்பான் ஓவியர் ஹொகுசாயோட அலை படத்தை முழுப்பக்கமா போட்டிருந்தீங்க, ரொம்ப நன்றிங்க, அதை அப்படியே கத்தரிச்சு எங்க ஸ்கூல் டிராயிங் ரூம் கதவுல ஒட்டியாச்சு, பசங்க போறப்ப வர்றப்ப எல்லாம் நின்னு பாக்கறாங்க. ஆனா கூட வந்த கட்டுரையோட கடைசி பாராவுல, அவரு வருமானத்துக்காக, பாத்து வரையறதுக்கான சில காப்பி புத்தகங்களும் போட்டாருங்கற மாதிரி ஒரே வரியில முடிச்சிட்டாங்க. அந்த ஒரு வரி ரெண்டு நாளா மனசுல உறுத்திட்டே இருக்கு, அதான் எழுத உக்காந்துட்டேன். நான் 22 வருஷமா டிராயிங் டீச்சரா இருக்கேன், அந்தப் புத்தகங்களோட பக்கங்களை வச்சுதான் இப்ப ஆறேழு வருஷமா பசங்களுக்கு சொல்லித் தர்றேன், அதனால அதைப் பத்தி நாலு வார்த்தை சொல்ல எனக்கு உரிமை இருக்குன்னு நினைக்கறேன்.

முதல்ல ஒரு சம்பவம். ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு ஓவியப் போட்டிக்கு ஏழாம் வகுப்பு படிக்கற ஒரு பொண்ணைக் கூட்டிட்டுப் போனேன். கொக்கு ஒண்ணு இறக்கையை விரிச்சு இறங்கற மாதிரி பிரஷ்ஷாலயே, பென்சில் தொடாம, மொத்தம் பதினஞ்சு கோடு கூட இருக்காது, அவ்வளவு அழகா போட்டிருந்தா. ஜட்ஜா வந்தவரு பாத்துட்டு, இது ஏதோ புக்கைப் பாத்து போட்டதும்மா, சொந்தமா ஒண்ணும் இல்லன்னு சொல்லி ஓரமா வச்சிட்டாரு. அந்தப் பொண்ணு பஸ்ல வர்ற வழியெல்லாம் பேசவே இல்ல. அவ ஒரு மாசமா அந்தக் கோட்டை எத்தனை தடவை போட்டுப் பாத்தான்னு எனக்குத்தான் தெரியும், பழைய நியூஸ்பேப்பர் ஒரு கட்டு முழுக்க கொக்காதான் இருந்துச்சு. பாத்து போடறது கேவலம்ங்கற இந்த எண்ணம் நம்ம எல்லார்கிட்டயும் இருக்கு, உங்க கட்டுரையில வந்த அந்த வரியிலயும் அதுதான் இருந்துச்சு.

ஜப்பான்ல இந்த மாதிரி புத்தகத்துக்கு எதெஹொன்னு பேரு, பாத்து வரையறதுக்கான மாதிரிப் படம் உள்ள புத்தகம்னு அர்த்தம். இது எப்படி வந்துச்சுன்னு தெரிஞ்சாதான் இதோட பெருமை புரியும். அந்தக் காலத்துல அங்க அரசாங்கத்துக்கும் பெரிய பிரபுக்களுக்கும் ஓவியம் போட்டது கானோன்னு ஒரு பரம்பரை. அவங்ககிட்ட சீடனா சேந்தா வருஷக்கணக்கா குரு வச்சிருக்கற மாதிரிப் படங்களை நகல் எடுக்கறதுதான் படிப்பே. அந்த மாதிரிகள் வெளிய போகாது, குடும்பச் சொத்து மாதிரி. இந்த நிலைமையிலதான் ஓசாகாவுல இருந்த தச்சிபானா மோரிகுனின்னு ஒருத்தர், கானோ வழியில படிச்சவரு, 18ஆம் நூற்றாண்டோட ஆரம்பத்துல இருந்து அந்த மாதிரி உருவங்களை, புராணக் கதைகள், பூ, பறவை, சீன முனிவர்கள்னு எல்லாத்தையும் மரக்கட்டை அச்சுல புத்தகம் புத்தகமா போட ஆரம்பிச்சாரு. இதனால அவரைக் கூட்டத்தை விட்டே வெளிய அனுப்பிட்டாங்கன்னு ஒரு செய்தி ரொம்ப காலமா சொல்லிட்டு வர்றாங்க. வித்தையை வெளிய விட்டதுக்காக ஒருத்தரைத் தள்ளி வச்சாங்கன்னு படிக்கறப்ப நமக்கும் நம்ம ஊர்ல கேள்விப்பட்ட எத்தனையோ கதை ஞாபகம் வருது இல்லீங்களா.

சீனாவுல இருந்தும் வந்துச்சு. கடுகு விதைத் தோட்டம்னு பேர் வச்ச ஓவியக் கையேடு அங்க 1679ல வந்தது, பாறை எப்படி, மரக்கிளை எப்படி, மூங்கில் இலை எப்படின்னு துண்டு துண்டா பிரிச்சு காட்டும், அதை 1748ல கியோட்டோவுல ஜப்பான் பதிப்பா போட்டாங்க, சீனாவுக்கு ஒருநாளும் போக முடியாத ஓவியர்கள் சீன பாணியைக் கத்துக்கிட்டதுல இதுக்குப் பெரிய பங்கு. அதுக்கப்புறம் குவகதா கெய்சாய். இவரைப் பத்தி எழுதாம விட்டா எனக்கு மனசு ஆறாது. 1795ல சுருக்கமா வரையற முறைன்னு ஒரு புத்தகம் போட்டாரு, அதுல மனுஷங்களுக்கு நாலு கோடு, அஞ்சு கோடு, அவ்வளவுதான், பாதிப் பேருக்கு மூஞ்சி கூட சரியா இருக்காது, ஆனா இவன் சோம்பேறி, இவன் அவசரமா போறான், இவ யாரையோ கூப்பிடறான்னு பாத்த உடனே தெரியும். 1797ல பறவை மிருகத்துக்குன்னு தனியா ஒண்ணு போட்டாரு. இதெல்லாம் ஹொகுசாய் மாங்காங்கற ஹொகுசாயோட மாதிரிப் படப் புத்தகம் வர்றதுக்கு ஏறக்குறைய 20 வருஷம் முந்தி. ஹொகுசாய் இவரைப் பாத்து கத்துக்கிட்டாருங்கறது ரெண்டு பேர் புத்தகத்தையும் பக்கத்துல வச்சா குழந்தைக்குக் கூடத் தெரியும், அதுல எந்தத் தப்பும் இல்ல, அந்தப் புத்தகம் இருந்ததே அதுக்குத்தானே.

இப்ப ஹொகுசாய்க்கு வர்றேன். 1812ல அவரு நகோயாவுக்குப் போறாரு, அங்க மாகி பொகுசென்னு ஒரு சீடர் வீட்டுல தங்கறாரு, தங்கின நாள்ல 300க்கும் மேல படம் போட்டுத் தள்ளறாருன்னு ஹொகுசாய் மாங்கா முதல் பாகத்து முன்னுரையே சொல்லுது. அந்தப் படங்களை நகோயாவுல இருந்த எய்ராகுயா தோஷிரோங்கற பதிப்பாளர் 1814ல புத்தகமா கொண்டு வந்தாரு. விறுவிறுன்னு வித்துது, 1819க்குள்ள 10 பாகம் வந்துடுச்சு. அப்புறம் மெதுவா வந்து கடைசி 15வது பாகம் வந்தது 1878ல, ஹொகுசாய் 1849லயே இறந்துட்டாரு, அவரு போய் கிட்டத்தட்ட 30 வருஷம் கழிச்சும் அவரு பேர்ல புது பாகம் போட ஆள் இருந்துச்சுன்னா பாத்துக்கோங்க. மொத்தம் 4000 படம் கிட்ட வரும். பேர்ல மாங்கான்னு இருக்கறதால நிறைய பேர் இதை இன்னைக்கு வர்ற காமிக்ஸ் மாதிரின்னு நினைச்சுக்கறாங்க, கதை எதுவும் கிடையாதுங்க, மனசு போன போக்குல போட்ட படங்கள்ங்கற அர்த்தத்துல அந்தப் பேரை வச்சது. பேருக்கு மேல இன்னொரு சொல்லும் போட்டிருப்பாங்க, தென்ஷின் கைஷுன்னு, உள்ள இருக்கற உயிரைக் கடத்தறது, கையைத் திறந்து விடறதுன்னு கிட்டத்தட்ட சொல்லலாம். கையைத் திறந்து விடறது! எனக்கு அந்த வார்த்தை ரொம்பப் பிடிக்கும்.

உள்ள என்ன இருக்குன்னா, என்ன இல்லன்னுதான் கேக்கணும். முதல் பாகத்தைத் திறந்தா முதல் படமே தகாசாகோ பைன் மரத்து தாத்தாவும் பாட்டியும், கையில விளக்குமாறும் சருகு வாரற கோலுமா, அந்த ஊர்ல தம்பதிங்க சேந்து நீண்ட நாள் வாழறதுக்கு மங்கலமான அடையாளம். அப்புறம் குழந்தைங்க, சாமியாருங்க, வேலைக்காரங்க, மீனு, பூச்சி, பாறை, செடி. மூணாவது பாகத்துல சிட்டுக்குருவி நடனம்னு ஒண்ணு வரும், மூஞ்சியை மறைக்கற தொப்பி போட்டுக்கிட்டு ஆளுங்க வரிசை வரிசையா ஆடுவாங்க, ஒருத்தன் காலைத் தூக்கறான், அடுத்தவன் திரும்பறான், அடுத்தவன் குனியறான், வரிசையா கண்ணை ஓட்டினா ஒரே ஆளு ஆடற மாதிரி இருக்கும், மூஞ்சியே தெரியாததால உடம்பை மட்டும்தான் நீங்க பாப்பீங்க. அதே பாகத்துலதான் தூரத்துல இருக்கறது எப்படி சின்னதா தெரியும்னு கோடு போட்டு விளக்கற பக்கமும் இருக்கு. ஆறாவதுல வில், குதிரை, ஈட்டி, துப்பாக்கி. எட்டாவதுல குண்டா இருக்கறவங்க ஒரு பக்கம், ஒல்லியா இருக்கறவங்க ஒரு பக்கம், குண்டா இருக்கறவங்க தொப்பையை எப்படி மடிச்சு உக்காருவாங்க, ஒல்லியா இருக்கறவங்க முதுகெலும்பு எப்படித் துருத்தும்னு எல்லாமே வேலை செஞ்சுக்கிட்டு, குளிச்சுக்கிட்டு இருக்கறப்ப போட்டது. எங்க பசங்க இந்தப் பக்கத்தைப் பாத்தா முதல்ல சிரிப்பாங்க, அப்புறம் அமைதியாகி தங்களோட தாத்தா பாட்டி உக்காரற விதத்தை சொல்ல ஆரம்பிப்பாங்க.

ஆனா பாடம் நடத்தற எனக்கு உயிரு 1812ல வந்த அவரோட இன்னொரு புத்தகம்தான், சுருக்க ஓவியம் வேகமா கத்துக்கன்னு சொல்லலாம், ரியாகுகா ஹயாஒஷியேன்னு பேரு. அதோட முதல் பாகத்துல ஒவ்வொரு உருவத்துக்கும் ரெண்டு படம். ஒண்ணுல வெறும் வட்டமும் கோடும், காம்பஸும் ஸ்கேலும் வச்சு போட்டது, ஒண்ணுமேல ஒண்ணு ஏறின வட்டங்கள், என்னன்னே புரியாது. பக்கத்துல அதே வட்டங்கள்ல இருந்து வந்த முழு உருவம், பறவையோ மிருகமோ மனுஷனோ. கண்ணை அங்கயும் இங்கயும் மாத்தி மாத்திப் பாத்தா, இந்த வட்டத்தோட இந்தத் துண்டுதான் முதுகு, அந்த வட்டத்தோட அடிப்பக்கம்தான் தொடைன்னு திடீர்னு பிடிபடும். அந்த நிமிஷத்துல பசங்க மூஞ்சியைப் பாக்கணும். நான் போர்டுல சாக்பீஸ் கட்டின கயிறை வச்சு வட்டம் போட்டு, எதையும் சொல்லாம நிறுத்திடுவேன், யாராவது ஒருத்தன் மிஸ் மாடு மிஸ்னு கத்துவான், அவனையே கூப்பிட்டு வேண்டாத கோட்டை அழிக்கச் சொல்லுவேன், அழிக்க அழிக்க மாடு வெளிய வரும். வராது வராதுன்னு மூணு வருஷமா சொல்லிட்டிருந்த பையன் ஒருத்தன் அன்னைக்கு முழு நோட்டுலயும் மாடா போட்டு வச்சிருந்தான்.

ரெண்டாவது பாகத்துல எழுத்தை வச்சே உருவம் வரும், எழுதத் தெரிஞ்ச கைக்கு வரையவும் தெரியும்னு நம்ப வைக்கறாரு. 1823ல ஒரே கோட்டுல முடியற படங்களா ஒரு புத்தகம், 1816ல ஒரே விஷயத்தை நிதானமா, கொஞ்சம் தளர்வா, ரொம்ப வேகமான்னு மூணு விதமா போட்டுக் காட்டறது ஒண்ணு, கையெழுத்துல மூணு நடை இருக்கற மாதிரி. ஒரு வாத்தியாரு எத்தனை வழியிலதான் ஒரு விஷயத்தை சொல்லிப் பாப்பாரு! அலை படம் 1831 வாக்குல வந்தது, அதுக்கு முன்னாடியே இத்தனை பாடத்தையும் அவரு எழுதி முடிச்சிருந்தாரு.

இது எப்படி அச்சாச்சுங்கறதையும் சொல்லணும், ஏன்னா அதுலதான் இன்னொரு ஆச்சரியம் இருக்கு. ஓவியர் மெல்லிசான தாளுல போட்ட படத்தை செர்ரி மரப் பலகை மேல குப்புற ஒட்டுவாங்க, தாளு வழியா கோடு இடவலம் மாறித் தெரியும், செதுக்கறவரு கோட்டை மட்டும் மேடா விட்டுட்டு மத்ததையெல்லாம் எடுத்துடுவாரு, முடிக்கறப்ப ஒரிஜினல் படம் கிழிஞ்சு போயிருக்கும். அந்தப் படம் இனி எங்கயும் கிடையாது, பலகையில இருந்து வர்ற நகல்கள்தான் உண்டு. மை தடவி, மேல ஈரத்தாளை வச்சு, மூங்கில் மடல் சுத்தின வட்டமான ஒண்ணால கையாலயே தேய்ச்சு எடுப்பாங்க. ஹொகுசாய் மாங்காவுல கருப்பு, வெளிர் சாம்பல், தோல் நிறத்துல ஒரு லேசான சிவப்பு, அவ்வளவுதான் கலர். தாளை ஒரு பக்கம் மட்டும் அச்சடிச்சு, நடுவுல மடிச்சு, மடிப்பு வெளிப்பக்கம் வர்ற மாதிரி நூலால தைச்சிருப்பாங்க, உயரம் 23 சென்டிமீட்டர் கிட்ட, இடுப்புல செருகிட்டுப் போகலாம். பிரஷ் சட்டுன்னு போட்ட ஒரு கோட்டை அந்த செதுக்கறவரு மணிக்கணக்கா கத்தியால நகத்தி நகத்தி எடுத்து, பாக்கறவனுக்கு அதே வேகம் தெரியற மாதிரி குடுக்கறாரு பாருங்க, அவரோட பேரு நிறைய புத்தகத்துல நமக்குத் தெரியறது கூட இல்ல. ஒரு பலகையில ஆயிரக்கணக்குல எடுக்கலாம், தேஞ்சா மறுபடி செதுக்கிக்கலாம். ஒரு குரு வீட்டுப் பெட்டிக்குள்ள பூட்டி இருந்தது இப்படித்தான் தெருக்கடைக்கு வந்துச்சு.

யாரு வாங்கினாங்கன்னா படம் போட ஆசைப்பட்ட கடைக்காரங்க, ஊர்ப்புறத்துல இருந்தவங்க, முக்கியமா கைவினைக்காரங்க. அரக்கு வேலை செய்யறவங்க, வாள் கைப்பிடிக்கு உலோகத்துல வேலை செய்யறவங்க, துணிக்கு சாயம் போடறவங்கன்னு எல்லாரும் இதுல இருந்து உருவம் எடுத்தாங்க. 1823ல சீப்புக்கும் புகைக்குழாய்க்கும் டிசைனாவே ஹொகுசாய் ஒரு புத்தகம் போட்டாரு, 1824ல துணி மேல வர்ற சின்னச் சின்ன பேட்டர்ன்களுக்கு ஒண்ணு.

அப்புறம் கடல் தாண்டிச்சு. 1820கள்ல நாகசாகி பக்கத்துல தெஜிமா தீவுல டச்சுக்காரங்க வியாபார நிலையத்துல டாக்டரா இருந்த ஸீபோல்ட், ஊருக்குத் திரும்பி 1832ல இருந்து ஜப்பானைப் பத்தி பெரிய புத்தகம் போட்டாரு, அதுல ஹொகுசாய் மாங்காவுல இருந்து எடுத்த உருவங்கள் வருது, ஹொகுசாய் பேரைச் சொல்லாமலே. ஹொகுசாய் அப்ப உயிரோட இருந்தாரு. இதை நினைச்சா எனக்குக் கோவமே வருது, பாத்து வரையறது வேற, பேரை மறைக்கறது வேற, இந்த வித்தியாசத்தைத்தான் நாம பசங்களுக்கு சொல்லித் தரணும்.

பாரிஸ்ல ஃபெலிக்ஸ் பிராக்மோன்னு ஒரு செதுக்கோவியர், 1856ல ஒரு அச்சுக்கூடத்துல ஹொகுசாய் மாங்காவோட ஒரு பாகத்தைப் பாத்தாரு, பீங்கான் பெட்டியில பாத்திரம் உடையாம இருக்க சுத்தி வந்த தாளா அது வந்துச்சுன்னு ஒரு கதை ரொம்ப பிரபலம். அந்தக் கதையை இப்ப ஆராய்ச்சி பண்றவங்க அப்படியே ஒத்துக்கறது இல்ல. ஆனா அதுக்கப்புறம் நடந்ததுக்கு சாட்சி மியூசியத்துல இருக்கு. 1866ல யூஜின் ரூசோங்கற வியாபாரிக்காக ஒரு முழு சாப்பாட்டு செட்டுக்கு பிராக்மோன் டிசைன் போட்டாரு. ஹொகுசாய் மாங்காவையும் வேற ஜப்பான் படங்களையும் பாத்து சேவல், மீனு, வாத்து, பூச்சி, பூன்னு செப்புத் தகட்டுல தனித்தனி உருவமா செதுக்கி, ஒரே தாளுல பல உருவமா அச்சடிச்சு, தொழிலாளிங்க அதை வெட்டி வெள்ளைத் தட்டு மேல வச்சு சுட்டு, கையால கலர் குடுத்தாங்க. அந்தத் தட்டைப் படத்துல பாத்தீங்கன்னா பெரிய சேவல் ஒரு ஓரமா நிக்கும், நடுவுல காலியா இருக்கும், எங்கயோ ஒரு பூச்சி, எங்கயோ ஒரு பூ, விளிம்புல மட்டும் நீலத்துல சீப்பு இழுத்த மாதிரி கோடு. அதுவரைக்கும் நடுவுல பூங்கொத்து, சுத்தி வளையம்னு பாத்துப் பழகின ஊருக்கு இது எவ்வளவு புதுசா இருந்திருக்கும்! 1867 பாரிஸ் உலகக் கண்காட்சியில வச்சாங்க, பேரு வாங்கிச்சு, அப்புறம் பல வருஷம் செஞ்சு வித்தாங்க. கத்துக்கறவனுக்காக போட்ட சேவல் ஒரு பிரெஞ்சு வீட்டு சாப்பாட்டு மேசைக்குப் போயிடுச்சுங்க.

அப்புறம் நிறைய பேர். 1878ல பிரெஞ்சு கண்ணாடிக் கலைஞர் எமில் காலே ஒரு கண்ணாடி ஜாடியில போட்ட கெண்டை மீன் ஹொகுசாய் மாங்காவுல இருந்து வந்தது. 2017ல டோக்கியோவுல மேற்கத்திய கலைக்கான தேசிய மியூசியத்துல ஒரு கண்காட்சி வச்சாங்க, அதுல பிரெஞ்சு ஓவியர் தேகாவோட பாலே பொண்ணு இடுப்புல கைய வச்சு நிக்கறதுக்குப் பக்கத்துல ஹொகுசாய் மாங்காவோட சுமோ மல்லனை வச்சிருந்தாங்க, அதே இடுப்பு, அதே கை. தேகா அந்தப் பக்கத்தைத்தான் பாத்து வரைஞ்சாருன்னு நான் சொல்லல, ஆனா மேடையில ஆடாத நேரத்துல ஒரு உடம்பு எப்படி நிக்குங்கறதையும் படமா போடலாம்ங்கற தைரியம் எங்கயோ இருந்து வந்திருக்கணும் இல்லீங்களா.

டீச்சர்ங்கற முறையில எனக்கு இதை எல்லாம் விட பெருசு அமெரிக்காவுல ஆர்தர் வெஸ்லி டோங்கற ஓவிய ஆசிரியர் செஞ்ச வேலை. அவரு 1891ல பாஸ்டன் பப்ளிக் லைப்ரரியில ஹொகுசாயைப் பாத்தாரு, அதோட அவரோட வழியே மாறிடுச்சு. அங்க மியூசியத்துல ஜப்பான் கலைப் பிரிவைப் பாத்துக்கிட்டிருந்த ஃபெனோலோசாகிட்ட சேந்து படிச்சு, 1899ல ஒரு பாடப்புத்தகம் போட்டாரு, கோடு, வெளிச்சமும் இருட்டும் சேர்ற விதம், கலர், இந்த மூணுல இருந்து ஆரம்பிக்கணும், இருக்கறதை அப்படியே நகல் எடுக்கறதுல இருந்து இல்லன்னு. வெளிச்சம் இருட்டுக்கு அவரு வச்ச பேரு கூட நோதான்னு ஜப்பான் வார்த்தைதான். நியூயார்க்ல அவர்கிட்ட படிச்சவங்கள்ல ஒருத்தர் பின்னாடி பேர்போன ஓவியரான ஜார்ஜியா ஓ'கீஃப். மரப்பலகையில ஆரம்பிச்சது வேற நாட்டு கிளாஸ் ரூம்ல பாடத்திட்டமாவே ஆயிடுச்சு.

நம்ம நாட்டுப் பக்கம் ஜப்பான் பாணி வந்தது இந்தப் புத்தகங்கள் வழியா இல்ல, ஆளுங்க வழியா. 1903ல ஜப்பான் ஓவியர்கள் யோகோயாமா தைகானும் ஹிஷிதா ஷுன்சோவும் கல்கத்தா வந்து தாகூர் வீட்டுல தங்கினாங்க, அவங்க பிரஷ் பிடிக்கறதைப் பாத்துதான் ஓவியர் அபனீந்திரநாத் தாகூர் தன்னோட வாஷ் முறையை, அதாவது கலரைத் தண்ணியில கரைச்சு மெல்லிசா பூசற முறையைக் கண்டுபிடிச்சாரு. அவர்கிட்ட படிச்ச தேவி பிரசாத் ராய் சௌத்ரிதான் சென்னை ஓவியப் பள்ளிக்குத் தலைவரா வந்தாரு, மெரினாவுல இருக்கற உழைப்பாளர் சிலை அவரோடதுதான். அது தனிக் கதை, அதுக்கு நீங்க இன்னொரு ஞாயிறு ஒதுக்கணும்.

இன்னும் ஒரு விஷயம். ஹொகுசாய் சாகறதுக்கு முந்தின வருஷம், 1848ல, கலர் எப்படிக் கலக்கறதுன்னு சின்ன சைஸ்ல ஒரு புத்தகம் போட்டாரு, படம் போட ஆசைப்படற பசங்களை மனசுல வச்சு. கருப்புலயே பழைய கருப்பு, புதுக் கருப்பு, பளபளக்கற கருப்பு, மங்கின கருப்பு, வெயில்ல இருக்கற கருப்பு, நிழல்ல இருக்கற கருப்புன்னு பிரிச்சு சொல்றாரு. அவங்க கணக்குப்படி அப்ப 89 வயசு. வருமானத்துக்காகன்னு ஒரு வார்த்தையில அவரை முடிக்கறது நியாயமாங்க? காசு தேவைப்பட்டிருக்கலாம், இல்லன்னு சொல்லல, ஆனா காசுக்காக மட்டும் ஒருத்தன் அந்த வயசுல கருப்பை ஆறா பிரிச்சு உக்காந்து சொல்லித் தர மாட்டான்.

அதனால உங்ககிட்ட ஒரு வேண்டுகோள். உங்க சிறுவர் பக்கத்துல ஒரு வாரம், ஒரே ஒரு வாரம், அந்த வட்டம் போட்ட பக்கத்தை முழு சைஸ்ல போடுங்க, ஒரு பக்கம் வட்டங்கள், மறுபக்கம் முடிஞ்ச படம். இந்தப் புத்தகங்களோட பக்கங்களை அமெரிக்காவுல ஸ்மித்சோனியன் மாதிரி இடங்கள் ஸ்கேன் பண்ணி எல்லாரும் பாக்கற மாதிரி வச்சிருக்காங்க. கீழ அச்சடிக்காம காலி இடம் விடுங்க, பசங்க அதுலயே போடட்டும், ஹொகுசாய் பேரையும் வருஷத்தையும் மறக்காம போடுங்க. அந்தப் பேப்பரை எங்க ஸ்கூலுக்கு 60 காப்பி நானே காசு குடுத்து வாங்கிக்கறேன். கொக்கு போட்ட பொண்ணு இப்ப ஒன்பதாவது படிக்கறா, முதல் காப்பி அவளுக்கு.

இப்படிக்கு,
ஓர் அரசுப் பள்ளி ஓவிய ஆசிரியை